கமலவல்லியும் எங்கள் வீட்டுக் குழிக் குழாயும்

“கறுத்துத்தான் போச்சு. நேத்து காலையில புடிச்சு வச்சேன், இப்ப மை மாதிரி இருக்கு.”

யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு வாசல் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தேன். பிறந்து இருபத்தைந்து நாள்தான் ஆகியிருந்தது. கொட்டாவிகூட அவள் விட்டால் தனி அழகு. அடுத்த கொட்டாவி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கமலவல்லி மொபெட்டை நிறுத்திவிட்டு வந்து, ஒரு சின்ன பாட்டிலை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“என்னம்மா இது, பச்சப்புள்ள முன்னாடி?”

“உங்க வீட்டுத் தண்ணி மாமா.”

“நான் கேட்டேனா?”

“கேக்க மாட்டீங்க. அதனாலதான் சொல்றேன்.”

கேட்காததைச் சொல்வதுதான் அவளுக்கு வேலை. அதைச் சொன்னதற்காக வசவு வாங்குவது இன்னொரு வேலை. இரண்டையும் மூன்று வருஷமாக விடாமல் செய்கிறாள்.

எங்கள் ஊர் பேராவூரணிக்குக் கிழக்கே, கடலை ஒட்டி இருக்கிறது. எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீர் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிறது. வழியில் எத்தனையோ ஊருக்குக் கொடுத்துவிட்டு, கடைசியாக எங்கள் டேங்கில் ஏறித் தெருவுக்கு இறங்குவதற்குள் அதற்கே மூச்சு வாங்கிவிடும். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

கமலவல்லி மீன் விற்கிறவள். நாற்பத்தெட்டு வயது. விடியும் முன்னே கரையில் ஏலம் எடுத்து, பெட்டியில் ஐஸ் போட்டு, மொபெட்டில் சுற்றுப்பக்கம் எட்டுப் பத்து கிராமம் சுற்றி வருவாள். வாங்குகிறவர்கள் கேட்கும் முன்பே செவுளைத் தூக்கிக் காட்டிவிடுவாள். சிவப்பாக இருந்தால் தருவாள். வெளுத்திருந்தால், “இது வேணாம்க்கா, கருவாட்டுக்குப் போவட்டும்” என்று தானே ஒதுக்கிவிடுவாள். இப்படி ஒரு வியாபாரியை நான் கண்டதில்லை. அவள் புருஷனும் அதைச் சொல்லித்தான் தலையில் அடித்துக்கொள்வான்.

ஊராட்சியில் ஐந்து பெண்களைத் தண்ணீர் சோதிக்கும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதில் நாலு பேர் திரும்பி வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முட்டை வைத்த கதையைச் சொன்னார்கள். கமலவல்லி மட்டும் ஒரு நீலப் பெட்டியோடு வந்து இறங்கினாள். பெட்டிக்குள் மருந்துச் சொட்டு, கலர் அட்டை, சின்னச் சின்ன பாட்டில்கள். டேங்கில் போடுகிற பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு சொட்டு விடுவாள். மஞ்சள் நிறம் வந்தால் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. இன்னொன்று பாட்டில் சோதனை. தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் வைத்தால், அதில் சாக்கடையோ மலமோ கலந்திருந்தால் கறுத்துப்போகும்.

ஊரில் இதற்கு யாரும் கையெடுத்துக் கும்பிடவில்லை. டீக்கடையில் ஒருத்தன் சொன்னான், “மீன் கையோட தொட்டா எந்தத் தண்ணியும் கறுக்கத்தான் செய்யும்.”

“வாயத் தொற, ரெண்டு சொட்டு விடறேன். என்ன கலரு வருதுன்னு பாப்போம்” என்றாள் இவள். அவன் டீயை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றைக்கும் என் வாசலில் நின்றுகொண்டு அவள் நகர்கிறவளாக இல்லை.

“தெருக்கோடியில மூணு புள்ளைங்களுக்கு வயித்தால போவுது மாமா. உங்க வீட்டுல பச்சப்புள்ள இருக்கு.”

“ஜெயபால் பவுடர் போட்டிருக்க மாட்டான். அவன்கிட்டப் போயி கேளு.”

ஜெயபால்தான் டேங்க் ஆபரேட்டர். தெருவில் யாருக்கு வயிறு வலித்தாலும் முதல் திட்டு அவனுக்குத்தான். பவுடர் போட்டால் டீயில் ஆஸ்பத்திரி வாசம் வருகிறது என்று திட்டு, போடாவிட்டால் போடவில்லை என்று திட்டு.

“அவன் போட்டிருக்கான். டேங்குல மஞ்சளா வருது. தெரு முனைக் குழாயில மஞ்சளா வருது. உங்க வீட்டுகிட்ட வரும்போதுதான் வெளுத்துப்போவுது. நடுவுல எங்கயோ அசிங்கம் உள்ள பூருது.” அவள் கண் என் வீட்டுப் பக்கவாட்டில் இருந்த குழியின் மேல் நின்றது. “மாமா, அத மூடிடுங்க.”

எனக்கு வந்த கோபத்தில் பேத்தி விழித்துக்கொண்டாள்.

அந்தக் குழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தரைக்கு மேலே குழாய் வைத்தால் எங்கள் தெருவில் தண்ணீர் நூல் மாதிரி ஒழுகும். மூன்று அடி பள்ளம் வெட்டி, கீழே குழாயை வைத்தால் கொட்டும். தெருவில் முதலில் குழி வெட்டியது நான்தான், என்னைப் பார்த்து ஒவ்வொரு வீடாக வெட்டிக்கொண்டார்கள். என் மகள் மோகனப்பிரியாவுக்கு எட்டாம் மாதம் நடந்தபோது நானே மண்வெட்டி எடுத்து வெட்டினேன். பிரசவித்து வருகிற பெண் தண்ணீருக்கு நிற்கக்கூடாது என்று ஒரே எண்ணம். சிமெண்ட் உறை இறக்கி, இறங்க மூன்று படி வைத்து, குழாயில் ஒரு முழம் ஓஸ் மாட்டிவிட்டேன். திருகு எதற்கு என்று வைக்கவில்லை. தண்ணீர் வந்தால் வருகிறது, நின்றால் நிற்கிறது. எனக்கு அடுத்த வீட்டுத் திருமுருகன், என் தம்பி மகன், அதைப் பார்த்துவிட்டு நாலு அடி வெட்டினான். அவனுக்கு என்னை மிஞ்ச வேண்டும்.

“வெள்ளிக்கிழமை தொட்டில் போடறோம். தெருவே சாப்பிட வருது. இப்பப் போயி குழாய மூடச் சொல்றியே, நீ மனுஷியா?”

“தெருவே சாப்பிட வருதுன்னுதான் சொல்றேன்.”

“எம் பேத்திக்கு எந்தத் தண்ணி தெரியுமா? மொதக் குடம். வேற யாருக்கும் குடுக்கறதில்ல.”

பிள்ளை பெற்றவள் வீட்டில் இருந்தால் குழாயில் முதலில் விழுகிற குடம் அவளுக்குத்தான். யார் கையும் படாத தண்ணீர் என்போம். காலையில் நான்தான் இறங்கி அந்தக் குடத்தைப் பிடிப்பேன். என் மனைவி அமிர்தம் அதைத் தட்டு போட்டு மூடித் தனியாக வைப்பாள். வெள்ளிக்கிழமை பேர் வைத்த கையோடு, அந்தத் தண்ணீரில்தான் வசம்பும் ஜாதிக்காயும் உரைத்துப் பேத்தியின் நாக்கில் முதன்முதலாக மருந்து தடவுவதாக இருந்தோம்.

முதல் குடம் என்றதும் கமலவல்லி தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“மொத ரெண்டு குடத்தத் தென்னமரத்துக்கு ஊத்துங்கன்னு மூணு வருஷமா கத்தறேன். நீங்க அதப் புடிச்சு மூடி வச்சிருக்கீங்க.”

“குடிக்கிற தண்ணியத் தென்னமரத்துக்கா? கொழுப்புதான் உனக்கு.”

அமிர்தம் உள்ளேயிருந்து வந்து, “ஏங்க, சத்தம் போடாதீங்க, புள்ள பயப்படுது” என்றாள். பேத்தி பயப்படவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு கமலவல்லியையே பார்த்தாள். கமலவல்லி எழுந்து போய்விட்டாள். விட்டது சனியன் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி வந்தாள். கையில் நீலப் பெட்டி இல்லை, துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் ஒரு பாட்டில் இருந்தது. அன்று திருமுருகன் கடலுக்குப் போகவில்லை. அவனையும் வாசலுக்குக் கூப்பிட்டாள்.

“திருமுருகா, கடைசிக் குடத்தப் புடி. தண்ணி நின்னாலும் குடத்த எடுக்காத.”

“எதுக்குக்கா?”

“உங்க பெரியப்பாவுக்கு ஒண்ணு காட்டணும்.”

என் குழியில் எப்போதும் அரை முழத்துக்குத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். குடம் கழுவுகிற தண்ணீர், கால் கழுவுகிற தண்ணீர், பேத்தியின் துணி அலசுகிற தண்ணீர், எல்லாம் அதில்தான் வழியும். ஓஸின் நுனி அதற்குள்ளேயே முங்கிக் கிடக்கும். அதை நான் ஒரு குற்றமாக நினைத்ததே இல்லை. ஜெயபால் தண்ணீரை நிறுத்துகிற நேரம் பார்த்து, கமலவல்லி அந்தத் தேக்கத்தில் பாதி பாட்டில் நீலத்தை ஊற்றினாள்.

டேங்கிலிருந்து வருகிற தண்ணீர் நின்றது. என் ஓஸ் கொட்டுவதை நிறுத்தியது. பிறகு, நான் என் கண்ணால் பார்த்தேன், குழியில் இருந்த நீலத் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கியது. யாரோ உறிஞ்சுகிற மாதிரி ஓஸுக்குள் போயிற்று.

அடுத்த வீட்டுக் குழிக்குள்ளிருந்து திருமுருகன் கத்தினான். “யக்கா, நீலமா வருதுக்கா.”

தெருவே கூடிவிட்டது. திருமுருகன் குடத்தை மேலே தூக்கிக்கொண்டு வந்தான். எவர்சில்வர் குடத்துக்குள் நீலம் தளும்பியது.

“பெரியப்பா, இவ்வளவு நாளா உங்க வீட்டுப் புள்ள பீத்துணி அலசுன தண்ணியவா நான் குடிச்சேன்?”

“என்னய ஏண்டா கேக்கற? நீ எதுக்குடா ஒரு அடி கூட வெட்டுன?”

“நீங்க மூணு அடி வெட்டுனதாலதான் நான் நாலு அடி வெட்டுனேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது. அவன் மிஞ்ச நினைத்ததற்கு நன்றாக வேண்டும் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. கமலவல்லி மட்டும் சிரிக்கவில்லை. நீல பாட்டிலை மூடியபடியே என்னைப் பார்த்தாள்.

“பள்ளமா வெட்டுனவன் குடத்துக்கு மேட்டுல இருக்கறவன் தண்ணி போவுது. தெரியுதுல்ல மாமா? அப்ப உங்க குடத்துக்கு யாரு தண்ணி வருது?”

எனக்கு முந்தின வீட்டில் குழி இரண்டரை அடி. அந்தக் குழிக்குப் பக்கத்தில்தான் அவர்கள் மீன் கழுவுவார்கள். நாலு பிள்ளைகள். காலைக்கடனுக்கு உட்கார வைத்து அங்கேயே கழுவி விடுவார்கள். அந்தத் தண்ணீர் ராத்திரி முழுக்கக் குழாய்க்குள் நின்று, விடிந்ததும் முதலில் வந்து விழுவது என் குடத்தில்.

யார் கையும் படாத தண்ணீர்.

நான் உள்ளே போனேன். தட்டு போட்டு மூடியிருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தென்னைமரத்தடியில் கவிழ்த்தேன். அமிர்தம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். “இதுலதான நான் தெனமும் புள்ள வாயத் தொடச்சேன்” என்றாள். மோகனப்பிரியா குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளாவது திட்டியிருக்கலாம்.

கமலவல்லி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “புள்ளைக்கு உம் பாலு போதும். தண்ணியும் வேணாம், உரைமருந்தும் வேணாம். நர்ஸம்மாவும் அதத்தான் சொல்லும். நாளைக்கி நானே கூட்டிட்டுப் போறேன்.” கூட்டிக்கொண்டும் போனாள். மறுநாள் மீன் விற்கப் போகவில்லை. குழந்தை நன்றாக இருக்கிறது என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அன்றைக்கே குழியை மூடினேன். இறக்கிய உறையை எடுக்க முடியவில்லை. அதற்குள்ளேயே கடல் மணலைக் கொட்டி மிதித்தேன். ஜெயபால் வந்து குழாயைத் தரைக்கு மேல் இரண்டடி உயர்த்தித் திருகு வைத்துக் கொடுத்தான். தண்ணீர் நூல் மாதிரித்தான் வருகிறது. ஒரு குடம் நிறைவதற்குள் நான் ஒரு பீடி குடித்து முடித்துவிடலாம். பேத்தி வந்தபிறகு பீடியை விட்டுவிட்டேன், அதனால் சும்மா நின்று எரிச்சல்படுகிறேன்.

வெள்ளிக்கிழமை தொட்டில் போட்டோம். பேர் பூமிகா. சாப்பாட்டுத் தண்ணீரை டேங்கடியிலிருந்தே டிரம்மில் கொண்டு வந்தோம். பந்தி தொடங்கும் முன்பு கமலவல்லி ஒவ்வொரு டிரம்மிலும் சொட்டு விட்டு மஞ்சள் பார்த்தாள். விருந்துக்கு வந்தவர்கள் இலையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். “சாம்பாரையும் சோதிச்சிரு கமலா” என்று ஒரு கிழவன் சொன்னான். மருந்து உரைக்கிற கல் அலமாரியிலேயே கிடந்தது. அமிர்தத்துக்கு அதில் மனக்குறைதான். ஆனால் எடுக்கவில்லை.

எனக்கு ஆத்திரமாக இருப்பது இதுதான். நீலத் தண்ணீரைத் தெருவே பார்த்தது. பார்த்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய், அவரவர் குழியில் குடத்தை இறக்கினார்கள். திருமுருகன்கூட, “பெரியப்பா குழியத்தான் மூடியாச்சே, இனிமே எனக்கு நல்ல தண்ணிதான் வரும்” என்கிறான். எனக்கு முந்தின வீட்டுக் குழித் தண்ணீர் இப்போது நேரே அவன் குடத்துக்கு வருகிறது என்று சொன்னால், “அது ரொம்ப தூரம்” என்கிறான். நான் வெட்டியதைப் பார்த்து வெட்டியவன், நான் மூடியதைப் பார்த்து மூட மாட்டேன் என்கிறான்.

இன்று காலை நான் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, பூமிகாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றேன். கமலவல்லி மீன் பெட்டியோடு வந்து, வண்டியை நிறுத்தாமலேயே குழாயைப் பார்த்தாள். நான் கேட்காமலே சொன்னேன், முதல் இரண்டு குடம் தென்னைமரத்துக்குப் போய்விட்டது என்று. அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

“தெருவுல இன்னும் பதினோரு குழி கெடக்கு மாமா. நான் சொன்னா மீன்காரி சொல்றாம்பானுவ. புள்ளைய அத்தகிட்டக் குடுத்துட்டு மம்பட்டிய எடுத்துக்கிட்டு வாங்க. மொதல்ல வெட்டுனது நீங்கதான?”