வளைவில் ஒரு குளம்

விசுவமடுவில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்த அந்த மெலிந்த மனிதர், முன்பு மலையகத்துக் கோல்ப் மைதானமொன்றில் புல் வெட்டியவர். என்னோடு கதைக்கும்போது தடியால் மண்ணில் கீறிக்கொண்டே இருப்பார். அன்று ஒரு நீண்ட வளைவைக் கீறி, அதன் உட்பக்கத்தில் குளமொன்றை வைத்தார்.

"ஐஞ்சுதரம் அடிக்கிறதுக்குள்ளை பந்து குழிக்குள்ளை விழவேணும். சுத்திப் போனால் பயமில்லை. குளத்துக்கு மேலாலை அடிச்சால் ஒரு அடி மிச்சம். அந்த ஆசையைக் காட்டத்தான் வளைவு."

"நல்ல விளையாட்டுத்தான், அண்ணை."

"வெடியையும் அப்பிடித்தான் தேடுறனான். எங்கை குறுக்காலை போக ஆசை வருமோ, அங்கைதான் வைச்சிருப்பினம்."

இன்னும் எச்சரிக்கைச் சிவப்புக் கட்டை நடாத ஒற்றையடிக் குறுக்குப் பாதையைத் தடியால் காட்டியவர், திடீரென்று குனிந்து பார்த்தார்.

"ஆரின்ரை சைக்கிள் தடம் இது?"

காலையில் அந்தப் பாதையால் வந்த என் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தேன். இன்றுவரை நான் சுற்றித்தான் போகிறேன்.