திங்கட்கிழமை லீவு

ஆந்திராவில் திருப்பதிப் பக்கம் புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் அறிவியல் டீச்சராக இருந்தேன். ஒருநாள் காலை பத்தாம் வகுப்புக்கு ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த தடவை குனிந்தபோதுதான் விரல்கள் மடங்கவில்லை என்று தெரிந்தது. போர்டில் வரைந்த கோட்டைப் பாதியில் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

திருப்பதியில் பெரிய டாக்டர் ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்றார். என் சின்ன மகளும் கூட வந்திருந்தாள். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. அவளுக்கும் புரியட்டும் என்று டாக்டர் எளிமையான தெலுங்கில் சொன்னார்: உடம்புக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான், வெளியிலிருந்து வரும் கிருமிகளை அடிப்பது அவன் வேலை, உங்கள் அம்மாவின் காவல்காரன் வீட்டு ஆட்களையே அடிக்கிறான்.

"அவனுக்கு ஆள் அடையாளம் எப்படி மறந்துபோச்சு?" என்று அவளும் தெலுங்கிலேயே கேட்டாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அது இன்னும் எங்களுக்கே சரியாகத் தெரியாதும்மா."

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அழாமல் இருக்க ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். அவளோ உற்சாகமாக இருந்தாள். வடமாலபேட்டை தாண்டும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்: "டாக்டருக்கே தெரியாதாம்மா." பெரியவர்களுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டுபிடித்திருந்தாள்.

வேலையை விட்டேன். காலையில் கட்டிலிலிருந்து இறங்கவே நேரம் பிடிக்கும். அடுப்பு வேலை பெரிய மகள் தலையில் விழுந்தது. ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவள், சோறாக்கி, எனக்கு வெந்நீர் வைத்துவிட்டுப் போனால் பள்ளியில் முதல் மணி அடித்திருக்கும். இத்தனைக்கும் அந்தப் பள்ளி வேனை ஓட்டுபவர் என் கணவர். தன் மகளுக்காக மற்ற பிள்ளைகளைக் காக்க வைக்க முடியாதென்று அவர் வண்டியை எடுத்துவிடுவார். அவள் பின்னால் நடந்து போவாள். வாசலில் நிற்க வைப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் பிள்ளைகளும் சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து சாப்பிடும்போது சின்னவள் சொன்னாள். "அம்மாதான் டீச்சராச்சே. வேலைக்கும் போறதில்ல. எங்களுக்கு இங்கயே சொல்லிக்குடுக்கக் கூடாதா?"

விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். பெரியவள் தட்டைப் பார்த்தபடி அப்பாவிடம், "எனக்கும் சரிதான் நைனா," என்றாள்.

என் கணவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தார். பிறகு, "ஊர்ப் புள்ளைங்கள எல்லாம் ஏத்திக்கினு போய் எறக்கி விடறேன். என் புள்ளைங்க எங்கன்னு கேட்டா இன்னா சொல்றது?" என்றார்.

"வீட்ல படிக்குதுங்கன்னு சொல்லுங்க," என்றேன்.

கேட்டவர்களுக்கெல்லாம் அவர் அப்படித்தான் சொன்னார். முதலில் முணுமுணுப்பாக, போகப் போகச் சாதாரணமாக. பத்தாம் வகுப்பை ஓப்பன் ஸ்கூலில் எழுதலாம் என்பதை விசாரித்து வந்தவரும் அவர்தான்.

எங்கள் பள்ளி என் மூட்டுகள் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது. விடிந்ததும் குடும்ப ஜெபம். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஒரு பாட்டு பாடுவோம், ஆளுக்கு ஒரு வசனம் படிப்போம். தமிழ் எழுத்துகளைச் சின்னவள் அப்படித்தான் கற்றுக்கொண்டாள், பள்ளியில் அவளுக்குத் தெலுங்கும் இங்கிலீஷும் மட்டுமே. பிறகு வெந்நீர்த் தொட்டியில் நான் கையை வைத்துக்கொண்டிருக்க, வாய்ப்பாடு நடக்கும். விரல் பிரிந்த பிறகே எழுத்து வேலை.

மருந்துகளில் ஒன்று வாரத்துக்கு ஒருமுறை போடுவது. அதைப் போட்ட மறுநாள் வயிற்றைப் புரட்டும், தலை நிற்காது. சனிக்கிழமை போட்டுக்கொண்டிருந்ததால் ஞாயிறு ஆராதனைக்குப் போக முடியாமல் கிடந்தேன். அடுத்த முறை திருப்பதி போனபோது சின்னவள் டாக்டரிடம் கேட்டாள்: "சனிக்கிழமைதான் போடணும்னு இருக்குதா?" இல்லை, வாரத்தில் ஒரே நாளாக இருந்தால் போதும் என்றார். எப்படி மாற்றிக்கொள்வது என்றும் சொல்லிக் கொடுத்தார். மாத்திரை ஞாயிறு மாலைக்குப் போனது. எங்கள் பள்ளிக்குத் திங்கட்கிழமை லீவு என்றானது. இத்தனை மாதமாக எனக்கு ஏன் இந்தக் கேள்வி தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் என் நாத்தனார் வந்து சேர்ந்தார். கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன், விதவை, ஓயாமல் ஜெபிக்கிறவர். எனக்குத் தலை வாரிவிட்டார், புடவை கட்டிவிட்டார், ஒரு வேலையும் முகம் சுளிக்காமல் செய்தார். ஆனால் இரண்டு விஷயங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒன்று, பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போகாதது. இன்னொன்று, நான் மருந்தை நம்பியிருப்பது.

"விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?" என்றார் ஒருநாள். "தூக்கிப் போட்டுட்டு முழங்கால் போடு."

என்னால் முழங்கால் போட முடியாது என்பது அவருக்கும் தெரியும். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, உங்களுக்குக் கண்ணாடி இல்லாம வேதம் படிக்க வருமா?"

"எழுத்தெல்லாம் மங்கிப்போவுமே கண்ணு."

"அப்போ கண்ணாடி போட்டுக்கினா விசுவாசம் கொறஞ்சிடுமா?"

அவள் மடக்குவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அண்ணி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். "இன்னா கேள்வி கேக்குது பாரு," என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். மாத்திரைப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

காலையில் மட்டும் ஏன் மூட்டு இறுகுகிறது என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். படம் போட்டுக் காட்ட என் விரல் ஒத்துழைக்கவில்லை. ஒரு ஞாயிறு, குழம்புக்கு வாங்கும் கோழியில் ஒரு காலை முழுசாகக் கேட்டு வாங்கி வரச் சொன்னேன். பெரியவள் நான் சொல்லச் சொல்ல மூட்டைக் கத்தியால் திறந்தாள்.

அண்ணி பார்த்துவிட்டார். "துன்ற சாமானை வெச்சிக்கினு இன்னா வெளையாட்டு?"

"மூட்டு பாக்கறோம் அத்தை. வந்து பாருங்க."

எலும்பின் முனையில் முத்துப் போல வெள்ளையாக, வழவழவென்று ஒரு பூச்சு இருந்தது. அதைச் சுற்றி மெல்லிய சவ்வு. தொட்டால் விரலில் பிசுபிசுப்பு. "இந்தச் சவ்வுதான் எனக்கு வீங்கிப்போவுது," என்றேன். "ராத்திரி அசையாம கெடக்கறதால காலையில இன்னும் இறுகிப்போவுது." இத்தனை வருஷம் படம் போட்டு நடத்தியவள், ஒரு மூட்டின் உள்பக்கத்தை அன்றைக்குத்தான் இப்படி உற்றுப் பார்த்தேன். இவ்வளவு அழகான ஒன்று எனக்குள்ளும் இருக்கிறது, அது கெட்டுக்கொண்டிருக்கிறது என்ற எண்ணத்தில் துக்கத்தோடு வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்திருந்தது. அண்ணி குனிந்து அந்த வெள்ளைப் பூச்சை ஒரு விரலால் தடவினார். அப்படியே தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் இதானா?" என்றார்.

அவருக்கு இருந்தது வயதால் வரும் தேய்மானம். வேறு நோய் என்று விளக்க ஒரு முழுப் பாட வேளை ஆயிற்று. மறுநாளிலிருந்து காய் நறுக்கும் பலகையோடு எங்கள் பாடத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்.

பிறகு எங்கள் வீட்டில் வீட்டு ஜெபக்கூட்டம் வந்தது. பாஸ்டர் ஐயா வேதத்தில் வரும், பன்னிரண்டு வருஷம் நோயில் அவதிப்பட்டுச் சுகமான பெண்ணைப் பற்றிப் பேசினார். முடிந்ததும் யாருக்காவது சந்தேகம் உண்டா என்றார். வழக்கமாக யாருக்கும் இருக்காது.

சின்னவள் கேட்டாள்: "அந்தம்மாவுக்குப் புள்ளைங்க இருந்தாங்களா ஐயா? பன்னெண்டு வருஷம் அவங்க வீட்ல யார் சோறு ஆக்கினாங்க?"

யாரோ சிரித்தார்கள். பாஸ்டர் சிரிக்கவில்லை. "அது எழுதலம்மா," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும் இதுவரைக்கும் யோசிக்கல," என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மதியம் பாஸ்டரம்மா ஒரு பாத்திரத்தில் சாம்பாரோடு வந்து நின்றார். அதற்கடுத்த வாரம் சபையில் வேறொரு அக்கா. அவர்களாகவே முறை வைத்துக்கொண்டார்கள். அந்தக் கேள்வியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அண்ணியின் ஜெபமும் மாறியிருந்தது. எல்லா நோயும் இந்த நிமிஷமே நீங்க வேண்டும் என்று உரக்கக் கேட்பவர், ஒரு ஞாயிறு சாயங்காலம் என் தலையில் கை வைத்து, "ஆண்டவரே, நாளைக்கு வயித்தப் பெரட்டாம இருக்கணும்," என்று மட்டும் கேட்டார். மறுநாள் புரட்டத்தான் செய்தது. ஆனால் அந்த ஜெபம் எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கு இப்போது என் நோய் தெரியும் என்று தோன்றியது.

எனக்குச் சுகமாகவில்லை. மருந்து கட்டுக்குள் வைத்திருக்கிறது, சில விரல்கள் வளைந்தே நின்றுவிட்டன. பெரியவள் பத்தாவது தேறி, இப்போது திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி இன்டர் இரண்டாம் வருஷம், அதாவது பன்னிரண்டாவது, படிக்கிறாள். சின்னவள் இந்த வருஷம், எட்டாம் வகுப்புக்குத் தான் பள்ளிக்குப் போகவேண்டும் என்றாள். ஏன், வீட்டுப் படிப்பு பிடிக்கவில்லையா என்று கொஞ்சம் பயத்தோடு கேட்டேன். "பிடிக்குது. அங்க எப்படி இருக்குதுன்னும் பாக்கணுமில்ல?" என்றாள்.

அரசுப் பள்ளியில் சேர்த்தோம். முதல் நாள் அவள் வரும்வரை நானும் அண்ணியும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்ததும் வராததுமாக நான் கேள்விகளைத் தொடங்கிவிட்டேன்.

"எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே பக்கத்தைத் திருப்பறாங்கம்மா," என்றாள் பையைக் கழற்றியபடி. "கேக்கறதுக்கு நல்லா இருக்குது, மழை மாதிரி."

"நீ ஏதாவது கேள்வி கேட்டியா?"

"கேட்டேன். நாளைக்குச் சொல்றேன்னாங்க டீச்சர்."

அண்ணி அவளுக்குச் சோறு போட உள்ளே போனார்.