கடித்து வைத்த பாதி

ஹமீதுன்னிசாவின் பெயரைக் கோகிலவாணி முதலில் கேட்டது, மாரண்டஹள்ளிக்கு வாழ வந்த புதிதில். "ஜாக்கெட்டு இறுக்கமா இருந்தா ஹமீதுன்னிசாகிட்ட குடு, பிரிச்சுத் தருவா. எங்க கடைசி நாத்தனா மவ கல்யாணத்துக்கே அவதான் தெச்சா" என்று சொன்னது மாமியார் செல்லம்மாள்.

ஜாக்கெட்டோடு போனவள் பொழுது சாயத்தான் திரும்பினாள். அப்படி ஒட்டிக்கொண்டது சிநேகம். ஹமீதுன்னிசாவின் வீட்டுக்காரர் அன்வர் பாஷா சின்ன வயதிலேயே போய்விட, மகன் சோஹைலைத் தையல் மிஷினை மிதித்தே ஆளாக்கினாள்.

பக்ரீத் வந்தால் தெருவில் மற்றவர்களுக்குப் பிரியாணி போகும். கோகிலவாணி வீட்டுக்கு மட்டும் அரிசி, பச்சைக் கறி, பட்டை, லவங்கம் என்று ஒரு பை வரும். துலுக்கர் வீட்டில் ஆக்கியதைச் செல்லம்மாள் வாசற்படி ஏற்றமாட்டாள். அவள் செத்துப் பல வருஷமாகியும் பை நிற்கவில்லை. 'இனிமே ஆக்கியே அனுப்பு' என்று சொல்லக் கோகிலவாணிக்கு வாய் எழவில்லை. சொன்னால், இத்தனை வருஷம் நீ ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்வி வந்துவிடுமே!

இதற்குள் சோஹைல் துபாயிலிருந்து திரும்பி, ஓசூரில் லெபனான் நாட்டுச் சாப்பாடு போடும் ஓட்டல் ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்துவிட்டான். அம்மாவையும் அங்கேயே வந்துவிடச் சொன்னான். வீடு பார்க்கப் போனபோது ஹமீதுன்னிசா கோகிலவாணியையும் கூட்டிப்போனாள். மத்தியானம் ஓட்டலில் உட்கார வைத்தான் பையன்.

கிண்ணம் கிண்ணமாக வந்து நடுவில் உட்கார்ந்தது. ஆளுக்கொரு தட்டு இல்லை.

"என்னடி இது, கொண்டக்கடலைய அரச்சு எண்ணெய ஊத்தி வச்சிருக்கான்? இதுக்கா பஸ் ஏறி வந்தோம்?" என்றாள் கோகிலவாணி.

"மெதுவாப் பேசு, எம் பையன் ஆக்கினது" என்று சிரித்த ஹமீதுன்னிசா, சர்வரைக் கூப்பிட்டாள். "தம்பி, இவங்களுக்குத் தனியா ஒரு தட்டு குடுப்பா. எல்லாத்துலயும் மொதல்ல அவங்களுக்கு எடுத்து வச்சிரு."

கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. மசால் வடை மாதிரி இருந்த ஒன்றை ஹமீதுன்னிசா பாதி கடித்து ஓரத்தில் வைத்திருந்தாள். கோகிலவாணி அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ வாணி, அது என் எச்சிடி!"

"தெரியுது. கண்ணு நல்லாத்தான் இருக்குது."

ஹமீதுன்னிசா, "உங்க மாமியா பாத்திருந்தா?" என்றாள்.

"ரெண்டு பேருக்கும் சேத்து வெளக்கமாத்தாலயே குடுத்திருக்கும்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. தனித் தட்டு வந்தது. கோகிலவாணி அதை அப்படியே தள்ளி வைத்துவிட்டு, ரொட்டியைப் பிய்த்து ஹமீதுன்னிசா தொட்ட கிண்ணத்திலேயே தொட்டாள்.

"பக்ரீத்துக்கு இனிமே அரிசி கட்டி அனுப்பாத அமீதா. ஆக்கி அனுப்பு."

"இவ்வளவு நாளு வுட்டுட்டு இப்பக் கேக்கறா பாரு! ஓசூர்ல இருந்து அனுப்பினா ஊசிப் போயிரும்டி."

"அப்ப நீயே தூக்கிட்டு வா."

அந்த வருஷப் பக்ரீத்துக்கு மறுநாள் காலையில், துணி சுற்றிய குண்டானை மடியில் வைத்துக்கொண்டு ஹமீதுன்னிசா பஸ்ஸில் வந்து இறங்கினாள். கோகிலவாணி வீட்டு அடுப்பங்கரையில் வைத்துத்தான் மூடியைத் திறந்தார்கள்.

ஹமீதுன்னிசா இப்போது ஓசூரில், மகன் வீட்டில் இருக்கிறாள்.