செக்போஸ்ட்டைத் தாண்டிய கொப்புளம்

குளிர் விட்டு வெயில் மெல்லத் தலைகாட்டுகிற மாதங்களை வசந்தம் என்று புகழ்ந்து எழுதுகிறவர்கள் யாரும் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவர்கள் இல்லை. ஒரு நாள் வந்து பார்த்தால் தெரியும். பூக்கிறதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒழுகுகிற மூக்கும் இருமுகிற நெஞ்சும் சிவந்த கண்ணும் இன்னொரு பக்கம். சின்னம்மை, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி எல்லாம் சொல்லி வைத்தாற்போல அப்போதுதான் கிளம்பி வரும்.

அந்த மாதங்களில், தையல் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் காப்பகத்தின் வாசலை யாரும் சும்மா தாண்டிவிட முடியாது. அங்கே செக்போஸ்ட் அக்கா நிற்பாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் இடுப்பு வரை குனிவாள். நாக்கை நீட்டு, கையை விரி, சட்டையைத் தூக்கு, திரும்பு. காதுக்குப் பின்னால் ஒரு பார்வை, முழங்கை மடிப்பில் ஒரு பார்வை, கழுத்தில் புறங்கை. சந்தேகம் வந்தால் தெர்மாமீட்டர். எல்லாம் சரியாக இருந்தால் "பாஸ், கை கழுவப் போ" என்பாள். சரியில்லை என்றால் வந்த வழியே வீட்டுக்குத்தான். முதலாளியின் பேத்தியாக இருந்தாலும் அக்கா மசியமாட்டாள், ஒரு தடவை மசியாமல் இருந்தும் காட்டியிருக்கிறாள்.

அந்தக் கண் அவளுக்குச் சும்மா வரவில்லை. முன்பு அதே கம்பெனியில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கிற மேஜையில் இருந்தவள். ஒரு தையல் விட்டுப் போயிருந்தாலும், காலருக்கு அடியில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தப் பீஸைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவாள். ஆள் குறைகிற நாட்களில் செக்கிங் மேஜைக்காரிகளே மெஷினில் உட்கார்ந்து தைப்பதும் உண்டு. அப்படித் தைத்ததை அவரவரே பார்த்து அனுப்பக் கூடாது, பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட வேண்டும். அவரவர் தைத்ததில் அவரவர் கண்ணுக்குக் குறை தெரியாது என்பது அந்த மேஜையின் சட்டம்.

ஒரு வசந்தத்தில் காப்பகத்துக்குள் சின்னம்மை நுழைந்து ஒரு ஆட்டம் ஆடியது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படுக்க, அம்மாக்கள் ஒவ்வொருவராக லீவு போட, தையல் மெஷின்கள் பாதி துணி மூடிக் கிடந்தன. மேலே கூட்டம் கூட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா நேராக உள்ளே போய், "பிசிறு சட்டைய லாரியில ஏத்துன பிறகா தேடுவீங்க? வாசல்லயே பாக்கணும். என்னை அங்க போடுங்க" என்றாள். போட்டார்கள். அன்றிலிருந்து காப்பகம் அவள் கையில்.

வாசலோடு அவள் நிற்கவில்லை. எவ்வளவு குளிர் என்றாலும் ஜன்னல்களில் ஒரு கதவாவது திறந்திருக்கும். பிள்ளைக்கு ஒரு துண்டு, துண்டுக்கு ஒரு ஆணி, ஆணிக்கு மேலே யானை, கப்பல், குடை என்று ஒரு படம். யானைத் துண்டில் கப்பல்காரன் முகம் துடைத்தால் அன்றைக்கு அவன் பாடு அவ்வளவுதான். பொம்மைகளெல்லாம் சாயங்காலம் சோப்புத் தண்ணீரில் குளித்துவிட்டு முற்றத்தில் காயும். இருமல் வந்தால் முழங்கை மடிப்பில் இருமவேண்டும். இதைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பாக்களுக்குச் சொல்லிக் கொடுத்து, அப்பாக்கள் வந்து அக்காவிடம் புலம்பியிருக்கிறார்கள். தடுப்பூசியைத் தள்ளிப் போடுகிற பெற்றோரை மட்டும் அவள் லேசில் விடமாட்டாள். பார்க்கும் இடத்திலெல்லாம் பிடித்துக்கொள்வாள்.

இந்த வருஷம் அவள் எதற்கு இவ்வளவு துடியாக இருந்தாள் என்றால், காப்பகத்தின் சமையற்காரி அவளுடைய தம்பி மனைவி, மூன்று பேருக்கும் ஒரே வீடு. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. ரத்தம் சோதித்த டாக்டர் அம்மா ஒன்று சொல்லியிருந்தார். இவளுக்குச் சின்னம்மை வந்ததும் இல்லை, அதற்கான ஊசி போட்டதும் இல்லை, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அந்த ஊசியைப் போடவும் கூடாது. இந்த நேரத்தில் தொற்றினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

தம்பி பயந்துவிட்டான். "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வீட்ல இரு" என்றான்.

"வீட்ல உக்காந்து சுவரோட பேசவா? எனக்குப் பைத்தியம்தான் புடிக்கும்" என்றாள் அவள்.

அக்கா நடுவில் புகுந்தாள். "சமையல்கட்டுக்குத் தனி வாசல் இருக்கு. பிள்ளைங்க பக்கமே அவ வரவேணாம். என்னைத் தாண்டி ஒரு கொப்புளம் உள்ள வராது. நான் பொறுப்பு. போதுமா?"

அக்கா பொறுப்பு என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

சொன்னபடி எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒரு நாள் அக்காவுக்கு வலது விலாவில் ஒரு வலி. சுரீர் சுரீர் என்று எரிச்சலாகக் குத்தியது. நாள் பூராவும் குனிந்து நிமிர்ந்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டாள். இரண்டொரு நாளில் அந்த இடத்தில் அரிக்கவும் தொடங்கியது. ஏப்ரன் நாடா அழுத்துகிறது என்று நாடாவைத் தளர்த்திக் கட்டிக்கொண்டாள். ஊரார் பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறவள், தன் விலாவைக் கண்ணாடியில் ஒரு தரம் பார்க்கவில்லை. ஒரு சாயங்காலம் தம்பி மனைவி தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"காட்டுங்க அண்ணி, தேய்ச்சு விடறேன்."

"வயித்த வச்சுக்கிட்டு குனியப் போறியா? பேசாம போய்ப் படு."

மறுநாள் காலை, இஸ்திரி மேஜையில் வேலை பார்ப்பவர் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாலு வயசு வாயாடி. குத்திக் குத்திக் கேள்வி கேட்பதால் காப்பகமே குண்டூசி என்று கூப்பிடும். அக்கா குனிந்து சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். வயிற்றில் ஒரு சிவப்பு, அதன் நடுவில் தண்ணீர் கோத்த ஒரு குட்டிக் கொப்புளம். நெற்றியும் லேசாகச் சுட்டது.

"சின்னம்மை மாதிரி இருக்குப்பா. நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"கொசுக்கடிக்கா அது."

"கொசுக்கடிக்கு நெத்தி சுடுமா?"

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விடுங்கக்கா. பெரிய ஆர்டர், லீவு போட்டா என்னைக் கொன்னுடுவாங்க."

"சூப்பர்வைசர்கிட்ட நான் பேசிக்கிறேன். கொப்புளத்தோட யாரும் இந்த வாசல் தாண்ட முடியாது. யாரா இருந்தாலும் சரி."

சொல்லிக்கொண்டே இன்னும் குனிந்து பிள்ளையின் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். அப்போது அக்காவின் சட்டை நுனி மேலே ஏறியது. குண்டூசி எட்டிப் பார்த்து, சாவகாசமாகக் கேட்டாள்.

"அக்கா, அப்ப நீங்களும் வீட்டுக்குப் போவீங்களா?"

"நான் எதுக்குடி போகணும்?"

"உங்களுக்கு நிறைய இருக்கே."

அக்கா கையை விலாவில் வைத்துத் தடவினாள். விரல் நுனியில் கொத்துக் கொத்தாக எதுவோ தட்டுப்பட்டது. அதே நேரம் பின்னால் காலடிச் சத்தம். வாசலில் சத்தம் கேட்கிறதே என்று, சமையல்கட்டிலிருந்து தம்பி மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"அங்கயே நில்லு. ஒரு அடி வைக்காத."

அந்தக் குரலை அவள் இதற்கு முன்பு கேட்டதில்லை. அப்படியே நின்றுவிட்டாள்.

"சமையல்கட்டு வாசல் வழியா வெளிய போயி, உன் புருஷனுக்குப் போன் போடு. டாக்டர் அம்மாகிட்ட போங்க. நான் வேற ஆட்டோல வரேன்." பிறகு வரிசையில் நின்ற பெற்றோரைப் பார்த்து, "நானும் பெயில்ப்பா" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த ஆயாவைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தி, சூப்பர்வைசருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லி அனுப்பிவிட்டு, குண்டூசிக்குப் பின்னாலேயே தானும் படி இறங்கினாள்.

டாக்டர் அம்மா பார்த்ததும் அக்கி என்றார். சின்ன வயதில் அவளுக்கு வந்துபோன சின்னம்மையின் கிருமிதானாம். போகாமல் உடம்புக்குள்ளேயே படுத்துக் கிடந்து, இத்தனை வருஷம் கழித்து எழுந்திருக்கிறது. அந்தக் கொப்புளத்து நீர் பட்டால், சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மையே வரலாம்.

"துணி மூடியேதான் இருந்துச்சா? அவ தொட்டாளா?"

"மூடித்தான் இருந்துச்சு டாக்டர். நேத்து தைலம் தேய்க்க வந்தா. வேணாம்னு துரத்திட்டேன்."

"நல்ல வேளை துரத்துனீங்க. பயம் கம்மிதான். ஆனாலும் அவளுக்குப் பாதுகாப்புக்கு ஒரு ஊசி போட்டுடறேன், இது அந்தத் தடுப்பூசி இல்ல, வயித்துல பிள்ளை இருந்தாலும் போடலாம். நாலு வாரம் கவனமா பாக்கணும். உங்க கொப்புளம் காஞ்சு பொருக்கு தட்டுற வரைக்கும் நீங்க அவ பக்கம் போகாதீங்க."

ஆஸ்பத்திரி வாசலில் தம்பி தள்ளி நின்றுகொண்டிருந்தான். முகம் செத்துப் போயிருந்தது.

"நீதானேக்கா பொறுப்புன்னு சொன்ன?"

சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் மெதுவாகக் கேட்டதுதான் அவளைச் சுட்டது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

"ஆமாடா. இப்பவும் நான்தான் பொறுப்பு. என் பீஸை நானே பாத்து பாஸ் போட்டுட்டேன், அதான் தப்பு. அவளுக்கு ஒண்ணும் ஆகாது, நீ போய் அவளைப் பாரு."

அக்கா வீடு திரும்பாமல், செக்கிங் மேஜைக் கால சிநேகிதி ஒருத்தியின் வீட்டு மாடி அறைக்குப் போய்விட்டாள். படுத்த இடத்திலிருந்தே போனில் காப்பகத்தை நடத்தினாள். ஜன்னல் திறந்திருக்கா, துண்டு மாறலையே, பொம்மை காஞ்சுதா. மூன்றாம் நாளே புதுச் சட்டம் ஒன்று போட்டாள். இனிமேல் பிள்ளைகளைப் பார்க்கிறதுக்கு முன்னால் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவேண்டும், ஆயா, தோட்டக்காரர், வேன் ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் சரி. வேன்காரர் வெட்கப்பட்டார். வெட்கம் வேறு கொப்புளம் வேறு என்று போனிலேயே விளக்கிவிட்டாள். குண்டூசிக்கு வந்தது சின்னம்மையேதான். அவளோடு அது நின்றது, வேறு ஒரு பிள்ளைக்கும் வரவில்லை. அக்கா அதை மட்டும் போனில் பேசியவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் தினமும் காலையில் தம்பிக்குப் போன் போடும்போது மட்டும் அந்தக் குரல் கொஞ்சம் இறங்கும். "அவ உடம்பைப் பாத்தியா?" "பாத்தேன்." "முதுகுல?" "ஒண்ணும் இல்லக்கா." அதற்குப் பிறகுதான் காபி.

அவளுடைய பொருக்கு சீக்கிரமே உதிர்ந்துவிட்டது. டாக்டர் அம்மா வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். அவள் போகவில்லை. "அவ என்னிக்கு வாசல் தாண்டுறாளோ அன்னிக்குத்தான் நானும்" என்றுவிட்டாள்.

நாலு வாரம் முடிந்தது. தம்பி மனைவியின் உடம்பில் ஒரு கொப்புளம்கூட எழும்பவில்லை. ஸ்கேனில் பிள்ளை கட்டைவிரல் சப்பிக்கொண்டிருந்ததாம். தம்பி போனில் இதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அக்கா "அதுக்கு முதல்ல கை கழுவச் சொல்லிக் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்து அழுதாள்.

மறுநாள் காலை அக்கா சீக்கிரமே காப்பகத்துக்கு வந்தாள். அவளுக்கு முன்பே ஆயா பார்த்து உள்ளே விட்டிருந்த தம்பி மனைவி, நிலைப்படியில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வழிமறித்து நின்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"சட்டையத் தூக்குங்க அண்ணி."

"டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க."

"நீங்க என்னிக்கு அண்ணி பாக்காம விட்டீங்க? தூக்குங்க."

அக்கா விலாவைக் காட்டினாள். அவள் கொஞ்சமாகச் சாய்ந்து பார்த்தாள். நிறம் மங்கிய தழும்பு மட்டும்தான். திரும்பச் சொன்னாள். முதுகைப் பார்த்தாள், காதுக்குப் பின்னால் பார்த்தாள், கழுத்தில் புறங்கையை வைத்தாள். அந்தக் கை எடுக்கப்படாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"பாஸ்" என்றாள் தம்பி மனைவி. "போய்க் கை கழுவுங்க."

செக்போஸ்ட் அக்கா போய், பிள்ளைகளின் குட்டைத் தொட்டியில் குனிந்து, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் விடாமல் கழுவிவிட்டு, ஈரக் கையை அவளிடம் நீட்டிக் காட்டினாள்.