பானெட்டில் என் அக்காவின் பாதி

மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை மெழுகுவர்த்தித் தீயில் காட்டி, இளகியதும் கட்டைவிரலால் அழுத்தி வளைத்துக்கொண்டிருக்கிறாள் என் அக்கா. வாங்கி இரண்டு நாள்கூட ஆகாத கண்ணாடி. மாட்டிப் பார்க்கிறாள், தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கிறாள், திருப்தியில்லை, மறுபடி தீயில் காட்டுகிறாள். கடைக்காரர் காதுக்கு அளவெடுத்துத்தானே கொடுத்தார் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "அளவெடுத்தது அவன். மாட்டிக்கப்போறது நானா அவனா?"

அக்காவுக்கு ஐம்பத்துமூன்று வயது. ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறாள். புதிதாக ஒரு கைக்குட்டைகூடத் தைக்க மாட்டாள். யாரோ தைத்ததை வாங்கிவிட்டு, "தோள் தொங்குது, இடுப்பு இறுக்குது" என்று வருகிறவர்களுக்குத்தான் அவள் வேண்டும். அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பதே பிழைப்பு என்றால், சாயங்காலம் அதையும் கடைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வர வேண்டாமா? வரமாட்டாள். என் மனைவியின் குடைப் பிடியை ஒரு வார்த்தை கேட்காமல் அறுத்துக் குட்டையாக்கினாள். எங்கள் மாடிக் கதவின் தாழ்ப்பாளை மூன்று தடவை இடம் மாற்றினாள். இப்போது கதவைத் திறக்க நான் குனிய வேண்டியிருக்கிறது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒருநாள் பாதியாக உடைத்துக்கொண்டிருந்தாள். "இது குண்டானவங்களுக்கு எழுதினது" என்றாள். எதைக் கையில் எடுத்தாலும் "அரை இஞ்ச் பிடிச்சா சரியாயிடும்" என்பாள். வாடிக்கையாளர்கள் முதுகுக்குப் பின்னால் அவளை 'அரை இஞ்ச்' என்றே சொல்கிறார்கள். அவளுக்கும் தெரியும். பட்டம் கிடைத்ததுபோல் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் கீழ்வீட்டில், நான் மாடியில். எங்கள் இருவருக்கும் பொதுவாக அப்பா விட்டுப்போனது ஒரு பழைய சின்னக் கார். பதிவுப் புத்தகத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் குளிர்பதனக் கிடங்கு ஊருக்கு வெளியே, பஸ் போகாத இடம். வாரத்தில் மூன்று நாள் வண்டி எனக்கு, மூன்று நாள் அவளுக்கு. அவள் நாட்களில் நான் நடந்துபோவேன்.

போன மாதம் அவள் இரண்டு மூட்டைச் சீருடையோடு பாலத்தில் ஏறியபோது வண்டி திணறியிருக்கிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவர் பொறுமையான மனிதர். "வண்டிக்கு வயசாச்சும்மா. மேடு ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதில் 'மூச்சு' என்ற ஒரு சொல்தான் அவள் காதில் விழுந்தது. அடுத்த வாரம் ஒரு பார்சல் வந்தது. உள்ளே கறுப்பு பிளாஸ்டிக்கில் அகலமான மூக்கு ஒன்று. ஏர் ஸ்கூப்பாம். பானெட்டில் ஓட்டை போட்டு அதன்மேல் பொருத்தினால், எதிரே வரும் காற்றை அள்ளி இன்ஜினுக்குக் கொடுக்குமாம். 'எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும்' என்று அட்டையில் அச்சடித்திருந்தது. அதைப் படித்ததும் அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எல்லாருக்கும் பொருந்துற சட்டைன்னு உலகத்துல ஒண்ணு இருக்காடா?"

ஒன்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். இல்லை, மெக்கானிக்கிடம் கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் அவள் சுபாவத்தில் இல்லை.

நான் வேலை முடிந்து வந்தபோது பானெட்டில் ஓட்டை விழுந்திருந்தது. வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது, அதுதான் இன்னும் எரிச்சல். காகிதத்தில் பேட்டர்ன் வெட்டி, தையல் சாக்பீஸால் கோடு போட்டு, பெயின்ட் பெயர்ந்துவிடாமல் சுற்றிலும் டேப் ஒட்டி, அடியில் போகும் இரும்புச் சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்து அதைத் தொடாமல் விலகி, பக்கத்துத் தச்சரின் மின்ரம்பத்தால் அறுத்திருந்தாள். வெட்டிய விளிம்பை அரத்தால் ராவி, துருப்பிடிக்காமலிருக்க பிரைமர் அடித்து, அது தீர்ந்துபோன இடத்தில் நகப்பூச்சு பூசியிருந்தாள். ஓட்டையிலிருந்து ஏர் ஃபில்டர் வரை காற்று போக ரெக்ஸினில் ஒரு குழாய். இரட்டைத் தையல்.

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமாக்கா?"

"எதுக்குக் கேக்கணும்? நல்லாப் பாரு. நடுவுல கோடு போட்டு, என் பாதியிலதான் வெட்டியிருக்கேன். உன் பாதியில ஒரு கீறல் இருக்கா?"

இருக்கவில்லை. பானெட்டைச் சரிபாதியாகப் பிரித்து, ஓட்டுநர் பக்கத்துப் பாதியைத் தன்னுடையது என்று அவளே தீர்மானித்துக்கொண்டிருந்தாள். மாடியேறிப் போய்க் குனிந்து கதவைத் திறந்தேன். "நீங்க அதட்டிக் கேக்காததாலதான்" என்றாள் என் மனைவி, இரவுச் சாப்பாடு முடியும்வரை.

ஸ்கூப்பின் அடிப்பகுதி தட்டை, எங்கள் பானெட்டோ வளைவு. இடைவெளி தெரிந்தது. அக்கா விடுவாளா? அடியில் ரப்பர் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வளைவுக்கு ஏற்றபடி செதுக்கி, மூன்று விரல் கனத்துக்கு ஒரு திண்டு கட்டி, அதன்மேல் ஸ்கூப்பை உட்காரவைத்துப் போல்ட்டு போட்டாள். மழைக்கு எலாஸ்டிக் வைத்த உறை ஒன்றும் தைத்தாள். நான் உயரமானவன், ஓட்டும்போது எரிச்சலாக இருந்ததே தவிர அது எதையும் மறைக்கவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "காத்து போகுதுதான். போகலைன்னு சொல்லமாட்டேன். போயி என்ன பண்ணப்போகுதுன்னுதான் தெரியலை." அவள் மட்டும் பாலத்தில் வண்டி பறக்கிறது என்றாள்.

பதினோரு நாள் இப்படி ஓடியது. பிறகு வருடாந்திர ஆய்வுக்கு நாள் வந்தது. அதில் தேறாவிட்டால் வண்டி தெருவில் இறங்கக் கூடாது. நான் கிடங்குக்கு ஆறு நாளும் நடந்துதான் போக வேண்டும். அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் கூடவே போனேன்.

ஆய்வாளர் நாற்பது வயதுக்காரர், கையில் பலகை, காதில் பேனா. பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்த்தார். ஸ்கூப்பைச் சுற்றி வந்து அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. "யார் போட்டது?" என்றார். "நான்தான்" என்று அக்கா நிமிர்ந்தாள். அவர் தானே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார், இறங்கினார், அக்காவை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். அவள் என் தோளுக்குக் கீழேதான் வருவாள்.

"நீங்க கொஞ்சம் ஏறி உக்காருங்கம்மா."

உட்கார்ந்தாள். வண்டிக்கு முன்னால் சில அடி தள்ளி ஓர் ஆரஞ்சுக் கூம்பை வைத்தார். "தெரியுதா?"

"தெரியுது."

கூம்பை ஒரு பக்கமாக நகர்த்தினார். "இப்போ?"

"நல்லாத் தெரியுதே."

அவர் சத்தமில்லாமல் கூம்பைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றார். "இப்போம்மா?"

"அதான் தெரியுதுன்னு சொல்றேனே. எத்தனை தடவை சொல்றது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. பக்கவாட்டில் திரும்பியவள் அவர் அக்குளைப் பார்த்துவிட்டாள். இறங்கினாள். ஆய்வாளர் சத்தம் போடவில்லை. கூம்பைக் கீழே வைத்து, அதன் நுனிக்குக் கொஞ்சம் மேலே உள்ளங்கையைப் பிடித்துக் காட்டினார்.

"இந்த உயரம்னா மூணு வயசுக் குழந்தைம்மா. தினம் எந்த வழியா போறீங்க?"

அவள் கடை ஒரு பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே இருக்கிறது. அவள் குனிந்து கூம்பின் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். பத்து நாளில் சரிசெய்து கொண்டுவரும்படி ஆய்வாளர் எழுதிக் கொடுத்தார். அவள் சாவியை என்னிடம் நீட்டினாள். வழியில் சொன்னாள். "என்னோட ஆறு நாள் இப்படித்தான்டா ஓட்டியிருக்கேன்."

வாய்வரை வந்த அத்தனையும் சொல்லியிருக்கலாம். பதினோரு நாளாகச் சேர்த்துவைத்தது வேறு. கியரை மாற்றி வண்டியை ஓட்டினேன்.

அன்றே கடைக்குப் போய், குழந்தைச் சட்டைகளை மாட்டிப் பார்க்க வைத்திருக்கும் தலையில்லாத பொம்மையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அதைக் காருக்கு முன்னால் நிறுத்தி, இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கழுத்துகூடத் தெரியவில்லை. இறங்கி ஸ்கூப்பைக் கழற்றினாள். ஒட்டி ஒட்டிக் கட்டிய ரப்பர் திண்டை அப்படியே பிய்த்துப் போட்டாள். கொதிக்கும் நீரை ஊற்றி ஊற்றி, பிளாஸ்டிக்கையே பானெட்டின் வளைவுக்குப் படியவைத்தாள். அப்படியும் கழுத்து தெரியவில்லை. மூக்கின் உயரத்தில் பாதியை அறுத்தாள். ஏறி உட்கார்ந்தாள், இறங்கினாள், ராவினாள், ஏறினாள். பொம்மையின் நெஞ்சு தெரியத் தொடங்கிய பிறகும் விடவில்லை. "போதும்க்கா, தெரியுதில்ல?" என்று மாடியிலிருந்து கத்தினேன்.

"இது நிக்கிற பொம்மை. புள்ளைங்க குனியும்டா" என்றாள்.

கடைசியில் பானெட்டோடு ஒட்டிய ஒரு கறுப்புப் பட்டைதான் மிஞ்சியது. மூக்கு என்று யாரும் சொல்ல முடியாது. அதில் போகிற காற்றில் ஒரு மெழுகுவர்த்திகூட அணையாது. இதற்கு மொத்தமாகக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டையை அடை என்று அவளிடம் யார் சொல்வது? நான் சொன்னேன். "வெட்டினதை மூடத் தெரியாதவதான் அப்படிப் பண்ணுவா" என்றாள். அடைப்பதும் மூடுவதும் ஒன்றுதானே என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை. வண்டி பாலத்தில் முன்பு திணறியது போலவே திணறுகிறது.

ஒன்பதாம் நாள் மறு ஆய்வு. அதே ஆய்வாளர், அதே கூம்பு. இந்த முறை அவர் எங்கே வைத்தாலும் விரல் நீட்டிச் சரியாகக் காட்டினாள். ஒருமுறை, "இப்போ தெரியலை, நீங்க தூக்கிட்டீங்க" என்றாள். அவர் முதல் தடவையாகச் சிரித்தார். கையெழுத்துப் போட்டு, முன்கண்ணாடியின் மூலையில் தேர்ச்சி ஸ்டிக்கரை ஒட்டினார். "பத்திரம். கிழிஞ்சா செல்லாது, மறுபடி முதல்லேர்ந்து வரணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

நான் நிம்மதியாக மூச்சு விட்டு, காகிதங்களை மடித்து உறைக்குள் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அக்கா கண்ணாடிக்கு முன்னால் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். ஸ்டிக்கர் ஒரு பக்கம் மயிரிழை ஏறியிருந்தது. ஆய்வாளரின் முதுகு நன்றாகத் திரும்பும்வரை காத்திருந்துவிட்டு, சுண்டுவிரல் நகத்தால் அதன் ஓரத்தை மெல்லக் கிளப்பத் தொடங்கினாள்.