அக்கா வேண்டாமென்ற பணம்

ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் என் கூடப்பிறந்தவளே நம்ப மாட்டாள். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே அடுப்படியில் முட்டிக்கொண்டவர்கள் நாங்கள். கூப்பிடுவது அக்கா என்றுதான். ஆனால் பாத்திரம் கழுவும் விஷயத்தில் அக்காவாவது தங்கையாவது! அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், எனக்கு வாய் நீளம். இருந்தாலும் நான் எழுதாவிட்டால் அவளைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை.

அவள் கணவர், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், ஒரு காகித ஆலையின் கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியவர். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றாலும் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற ரகம். ஒரு நாள் மேல் அடுக்கிலிருந்து காகித உருளை ஒன்று சரிந்தது. காகிதம்தானே என்று நினைக்கக் கூடாது, அதை நகர்த்தவே வண்டி வேண்டும். முழுதாக விழுந்திருந்தால் ஆள் அங்கேயே முடிந்திருப்பார். ஓரம் பட்டதற்கே முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

வேலை நேரத்தில் நடந்த விபத்து என்பதால் வைத்தியச் செலவு ஆலையின் இன்சூரன்ஸ் கம்பெனி தலையில் விழுந்தது. அவர் உயிரோடு இருக்கிறவரை மருந்து, சிறுநீர் டியூப், காற்று மெத்தை, சக்கர நாற்காலி எல்லாமே அவர்கள் பொறுப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பஞ்சு வாங்குவதற்குக்கூட முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கொடுப்பவள் அவர் கேஸைப் பார்க்கும் ஒரு பெண். போனில் குரல் அப்படி இனிக்கும். "பார்க்கிறேன் மேடம்" என்பாள், பார்க்க மாட்டாள். நாங்கள் அவளுக்குத் தேன்குரல் என்று பேர் வைத்திருந்தோம்.

அக்கா அதுவரை ஒரு தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தவள். வேலையை விட்டுவிட்டாள். முன்னறையில் இருந்த நாற்காலிகள் எங்கள் படுக்கையறைக்கு இடம் மாறின, பெரியவரின் கட்டில் ஜன்னலோரம் வந்தது. அவரை நேரம் பார்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிவிட வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வரும். வந்தாலும் அவருக்குத் தெரியாது, வலிக்காதே. அதனால் அவருக்கும் சேர்த்து இவள் பயந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தினமும் அவர் முதுகைப் பார்ப்பாள். தோல் கொஞ்சம் சிவந்திருந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்க முடியாது.

இரண்டாம் வருடம் தேன்குரல் டியூபில் கை வைத்தாள். வழக்கமாக வருவதில் பாதிதான் வந்தது. கழுவிக் கழுவிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விளக்கம் வேறு. அக்கா மல்லுக்கட்டிப் பார்த்தாள், நடக்கவில்லை. சொன்னபடி கழுவிப் போட்டாள். மாதக் கடைசியில் பெரியவருக்கு ஜுரம் தூக்கிப் போட்டது. கிருமி சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். ஆள் பிழைத்து வருவாரா என்றே எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா அந்த வராந்தாவில் நின்றுகொண்டு தேன்குரலுக்குப் போன் போட்டாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"டியூபுல நீங்க மிச்சம் பிடிச்சது எவ்வளவு, இப்ப ஆஸ்பத்திரிக்குக் கட்டப்போறது எவ்வளவுன்னு கணக்குப் போட்டுப் பாரும்மா. போட்டுட்டு உங்க மேனேஜர்கிட்டயும் காட்டு."

அதற்குப் பிறகு டியூப் முழுசாக வந்தது. கேட்காமலே புது மெத்தையும் வந்தது. பெரியவர் உடம்பும் தேறியது. ஆனால் அந்தக் கம்பெனியில் வேறொரு கணக்கும் போட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். இந்தப் பெண்பிள்ளை இவரைச் சீக்கிரம் சாகவிட மாட்டாள் என்று அவர்களுக்குப் புரிந்துபோயிருக்கும். மறு வருடமே பேச்சு வந்தது. ஒரே தொகையாக, கையில் கொடுத்துவிடுகிறோம், அதோடு கேஸை முடித்துக்கொள்வோம், இனிமேல் வைத்தியத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சுருக்கமாகச் சொன்னால் பெரியவரைக் கை கழுவ நினைத்தார்கள்.

தொகை பெரிசு. எங்கள் பரம்பரையில் யாரும் அத்தனை பணத்தைச் சேர்த்துப் பார்த்ததில்லை. எங்கள் தரப்பில் பேசிய வக்கீல் வாங்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் அன்று முழுக்க தரையில் கால் பாவாமல் திரிந்தார். எனக்கும் ஆசை இருந்தது, ஒளிப்பானேன்? அக்கா ஒருத்திதான் வேண்டாம் என்றாள். பணம் தீர்ந்த பிறகும் அவர் இருப்பாரே, அப்போது யார் டியூப் வாங்கித் தருவது என்று கேட்டாள்.

அப்போதுதான் பெரியவர், கேட்டால் மட்டும் பேசுகிற மனிதர், கட்டிலிலிருந்தே சொன்னார். "வாங்கிக்கலாம். எனக்குச் சம்மதம்."

அக்கா ஆடிப்போய்விட்டாள். அதற்குப் பிறகு எத்தனை தடவை காரணம் கேட்டும் அவர் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் அவள் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார். நான் மாவு அப்பிய கையோடு போய் நின்றேன்.

"நான் இருக்கிறவரைக்கும்தான்மா அந்த வைத்தியம். நான் போனா அதுவும் நின்னுடும். அவ கையில என்ன இருக்கும்? வேலையையும் விட்டுட்டா. இந்தப் பணத்தை வாங்கினா அவளுக்குன்னு ஏதாவது மிஞ்சும். அவகிட்ட இதைச் சொல்லாத, ஒத்துக்க மாட்டா."

சரி என்று மட்டும் தலையாட்டினேன். அறை கட்டலாம், அலமாரி வாங்கலாம் என்று நான் மனசுக்குள் போட்டுவைத்திருந்த திட்டமெல்லாம் அங்கேயே செத்துப்போனது.

இப்படிப்பட்ட முடிவைத் தொழிலாளர் நஷ்டஈட்டு வழக்குகளைப் பார்க்கும் விசாரணை அதிகாரி முன்னால்தான் எழுத முடியும். அது ஒரு சின்ன அறை. சக்கர நாற்காலி நுழையாமல் மேஜையை நகர்த்தினார்கள். அதிகாரி நரைத்த தலையுள்ள ஒரு அம்மாள். எதிரே கம்பெனி வக்கீல், பக்கத்தில் தேன்குரல். நேரில் பார்த்தால் அவள் ஒடிசலான, களைத்த முகமுள்ள பெண். அவளைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஏனோ வரவில்லை.

கையெழுத்துப் போட்டால் இனி எந்தச் சிகிச்சைக்கும் கம்பெனியைக் கேட்க முடியாது, தெரியுமா என்று அதிகாரி பெரியவரைக் கேட்டார். தெரியும் என்றார். எதற்காக முடித்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். வீடு பெரிசாகக் கட்ட என்றார் பெரியவர், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. மனைவியின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை, இருந்தாலும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதிகாரி அக்கா பக்கம் திரும்பினார்.

அக்கா எழுந்து நின்றாள்.

"வீடு கட்டுறதுக்கு இல்லம்மா. இவரு எனக்காக வாங்கப் பாக்குறாரு. யாரும் சொல்லல, எனக்குத் தெரியும். இந்தப் பணம் வந்த அன்னைக்கே இவரு டியூபைக் கழுவிப் போடச் சொல்லுவாரு. மெத்தை கிழிஞ்சா வேணாம்பாரு. ஜுரம் வந்தா சொல்ல மாட்டாரு. எனக்கு மிச்சம் வைக்கணும்னு சீக்கிரமா போயிடுவாரு. நான் பக்கத்துல உக்காந்து அதைப் பாத்துக்கிட்டு இருக்கணும்."

கம்பெனி வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். "உங்க மனைவி சொல்றது உண்மையா?" என்று பெரியவரைக் கேட்டார். அவர் குனிந்த தலை நிமிரவில்லை, அழுகிறார் என்பது தோள் குலுங்குவதில் தெரிந்தது. தேன்குரல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் பெரியவர் கையெழுத்துப் போடாமலே பேனாவை மேஜைமேல் வைத்தார். கேஸ் முடியவில்லை என்று எழுதி எங்களை அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அஞ்சு வருடம் இருந்தார். ஒரு புண் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து என் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அக்காவைக் கிண்டல் செய்யக்கூடக் கற்றுக்கொண்டார், அவள் போனில் சண்டை போடும்போது பின்னாலிருந்து "பார்க்கிறேன் மேடம்" என்று இனிக்க இனிக்கச் சொல்வார். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டி, ஆஸ்பத்திரியில், அக்காவின் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தார்.

அவர் பயந்தது அப்படியே நடந்தது. கம்பெனி ஆட்கள் வந்து கட்டிலையும் மெத்தையையும் எடுத்துப் போனார்கள். அக்கா கையில் ஒன்றும் இல்லை. மறுபடியும் தையல் கம்பெனிக்குப் போனாள். கண் மங்கிவிட்டதால் காலர் தைக்க முடியாது என்று பட்டன் பிரிவில் போட்டார்கள். வீட்டுக்கு வந்தால் விரலெல்லாம் வீங்கியிருக்கும். எனக்குப் பார்க்கவே பொறுக்காது.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் தாங்க மாட்டாமல் கேட்டுவிட்டார். அன்னைக்கே அந்தப் பணத்தை வாங்கியிருந்தால் இந்த வயதில் இந்தப் பாடு உண்டா அண்ணி என்றார்.

அக்காவுக்குக் கோபம் வரும் என்று நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். வரவில்லை. வீங்கின விரல்களை வெந்நீரில் முக்கியபடியே சொன்னாள்.

"வாங்கியிருந்தா அஞ்சு வருஷம் முன்னாடியே அழுதிருப்பேன் தம்பி."