மணி அடித்தால் மேல்தளம்

துபாயில் வேலை பார்க்கும் என் மகள், அங்கே கரையோரம் நிரந்தரமாகக் கட்டிப்போட்டு ஹோட்டலாக்கிய பழைய பயணிகள் கப்பலில் என்னைத் தங்கவைத்தாள். சிறுமியாக இருந்தபோது, பினாங்கில் கடை வைத்திருந்த அப்பாவோடு – நாங்கள் அத்தா என்போம் – மெட்ராசுக்குக் கப்பலில் வந்தவள் நான். அந்த வட்ட ஜன்னலைப் பார்த்ததும் அத்தாவின் அத்தர் வாசனையே வந்துவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. இரும்புலியூர் வீட்டில் செய்வதுபோல் மாலையில் அறையில் ஊதுபத்தி கொளுத்தினேன். மகள் காபி வாங்கப் போயிருந்தாள். புகை பட்டு அபாய மணி அலறியது. எல்லோரும் கரைக்கு இறங்கி ஓட, நான் மட்டும் மேல்தளத்துக்கு ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மகள் அழுதுகொண்டே தேடி வந்தாள். “ஏம்மா, எல்லாரும் கீழ ஓடுறாங்க, நீ இங்க வந்து நிக்கிறியே!”

“மணி அடிச்சா மேல போய்க் கம்பியைப் புடிச்சிக்கிட்டு நில்லு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு அத்தா சொன்னாங்கம்மா.”

திட்ட வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது ஊதுபத்தி வீட்டோடு சரி. எங்கே தங்கினாலும் பெட்டியைத் திறக்கும் முன் வெளியேறும் வழியைப் பார்த்துவிடுகிறேன். மணி அடித்தால் எங்கே நிற்க வேண்டும் என்று இப்போது மகள்தான் சொல்லி வைக்கிறாள்.

– ஒரு வாசகி, இரும்புலியூர்